குந்துருக்கம் வந்த கடல்வழி

மரங்கள் மாந்தர்க்கு உதவும் வகை பலவாகும். கனி தந்து உதவுவன உள; நிழல் தந்து உதவுவன உள; வீடு கட்டவும் கலம் கட்டவும் தம் உடலையே தருவன உள. தன்னைக் கீறியவன் கையிலேயே நறுமணத்தை வைக்கும் மரமும் ஒன்று உண்டு. அதுவே குந்துருக்க மரம். அரபு நாட்டின் தென்கரையிலும், அதற்கு எதிர்க்கரையாகிய சோமாலிய நாட்டிலும், மழை அரிதாகிய பாலையின் விளிம்பில், சுண்ணப்பாறைகளின் மேல் அது வளர்கின்றது. அதன் பிசினை நெருப்பிலிட்டால் மணம் கமழும். அம்மணத்தின் பொருட்டுப் பேரரசுகள் பொன்னைக் கொட்டின, கப்பல்கள் கடல் கடந்தன, நகரங்கள் எழுந்தன, பின் அவையே மணலுள் மறைந்தன.

பாலைநிலத்து மரம் ஒன்றுக்கும், நெய்யாறு பாயும் நம் எல்லைப்புறச் சிற்றூர்களுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய தொடர்பு அது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களினின்று பிழைப்பின் பொருட்டுப் பிரிந்து வந்து, இன்று சங்கம் கண்டு ஆண்டுவிழா எடுக்கும் நாம் அதனை அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், அஃது ஒரு பண்டத்தின் வரலாறு மட்டுமன்று. கடல் கடந்து பிழைக்கச் சென்ற தமிழரின் வரலாறும் ஆகும்.

பெயர்கள் பல

முதற்கண் பெயர்களைத் தெளிந்து கொள்வோம். தூபத்திற்கென்று நம் கடைகளில் விற்கும் பிசின்கள் யாவும் ஒரே மரத்தின் பயன் அல்ல. சாம்பிராணி என்று தமிழர் பெரிதும் வழங்குவது சுமத்திரா முதலிய கீழைத் தீவுகளில் வளரும் மரத்தின் பிசின். அரபு வணிகர் அதனை 'லுபான் ஜாவி' என்றனர். சாவகத்துக் குந்துருக்கம் என்பது பொருள். அச்சொல்லே ஐரோப்பியர் வாயில் 'பென்சாயின்' எனத் திரிந்தது. குங்கிலியம் என்பது நம் நாட்டு மரங்கள் சிலவற்றின் பிசினுக்குப் பொதுப்பெயர். மேற்கு மலைத்தொடரின் கருங்குங்கிலியமும் வெள்ளைக் குங்கிலியமும் இவ்வினத்தன. மட்டிப்பால் என்பது நம் புரையிடங்களில் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாக நிற்கும் பெருமரத்தின் பிசின். ஊதுவத்தி செய்வோர் அதனை நன்கு அறிவர்.

குந்துருக்கம் இவற்றின் வேறானது. அரபு நாட்டு மரத்தின் பிசினுக்கும், அதன் உடன்பிறப்பாக இந்தியாவின் வறண்ட மலைக்காடுகளில் வளரும் மரத்தின் பிசினுக்கும் உரிய பெயர் அது. பறங்கிச் சாம்பிராணி என்ற பெயரும் தமிழில் இதற்கு உண்டு. வடமொழியில் குந்துரு, குந்துருகம் என்பர். அரபியில் லுபான் என்பர். வெண்மையையும் பாலையும் குறிக்கும் வேரினின்று பிறந்தது அச்சொல். மரத்தினின்று பிசின் பாலாகவே வடிவதால் இப்பெயர் பொருத்தமுடையதே. எபிரேயரின் 'லெவோனா', கிரேக்கரின் 'லிபனோஸ்' ஆகியனவும் இவ்வேரைச் சேர்ந்தவையே.

தூபப் பொருளைத் தமிழர் எவ்வளவு மதித்தனர் என்பதற்குப் பெரியபுராணம் கூறும் குங்கிலியக் கலய நாயனார் வரலாறு ஒன்றே போதும். திருக்கடவூரில் நாள்தோறும் குங்கிலியத் தூபம் இட்டு வந்த அடியார், வறுமை மிகுந்து மக்கள் பசியால் வாடிய நாளில், அரிசி வாங்கி வரும்படி மனைவியார் கழற்றிக் கொடுத்த தாலியைக் கொண்டு சென்றார். வழியிலே வணிகன் ஒருவன் குங்கிலியப் பொதி சுமந்து வரக் கண்டார். பொன்னைக் கொடுத்து அப்பொதியைப் பெற்றுக் கோயிலுக்கே சென்றுவிட்டார். குங்கிலியம் பொதியாகக் கட்டி ஊர் ஊராக விற்கப்பட்ட சரக்கு என்பதையும், பொன் கொடுத்து வாங்கத்தக்க விலையுடையது என்பதையும் இவ்வரலாற்றால் உணர்கின்றோம்.

மரத்தின் இயல்பு

ஓமான் நாட்டின் தென்கோடியில் உள்ள தோபார் என்னும் மாநிலமே குந்துருக்கத்தின் தாயகங்களுள் தலையாயது. நம் ஊரில் இடவப்பாதி மழை பெய்விக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, தோபாரின் கடலோர மலைகளில் மூடுபனியாய்ப் படிகின்றது. ஆண்டில் மூன்று திங்கள் அம்மலைகள் பசுமை பூத்து நிற்கும். மலைக்கு அப்பால் பெரும்பாலை. பனியின் ஈரம் தேய்ந்து பாலையின் வெம்மை தொடங்கும் அந்த இடைநிலத்திலேதான் குந்துருக்கம் செழிக்கின்றது. நம் வயலை நனைக்கும் காற்றின் மறுமுனையில் அம்மரம் நிற்கின்றது எனலாம்.

மரம் பெரிதன்று, இரண்டு ஆள் உயரமோ மூன்று ஆள் உயரமோ இருக்கும். அடியிலிருந்தே பல கிளைகளாய்ப் பிரியும். பட்டை தாள் தாளாய் உரியும். செங்குத்தான பாறையில் வளர்வன அடிப்பகுதி பருத்துப் பாறையைக் கவ்விக் கொண்டு நிற்கும். வேனில் தொடங்கும்போது, 'மன்காஃப்' என்னும் சிறு கருவியால் பட்டையின் மேற்பரப்பைச் சிறிதளவு செதுக்குவர். உடனே வெண்பால் துளிர்க்கும். காற்றுப் பட்டு இறுகும். முதற்கீறலில் வருவது மட்டம். சில கிழமைகள் சென்று அதே இடத்தை மீண்டும் கீறுவர்; அதன்பின் மூன்றாம் முறையும் கீறுவர். பின்னதாக வருவதே சிறந்தது. ஒளி ஊடுருவும் வெளிர்நிறக் கட்டிகளே உயர்விலை பெறும். ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த நம் வட்டாரத்தார்க்கு இத்தொழிலின் நுட்பத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கத்தி ஆழப் பதிந்தால் மரம் பட்டுப்போம் என்பதை அவர்கள் அறிவர்.

உலகம் விரும்பிய பண்டம்

பண்டைய எகிப்து, பாபிலோன், எருசலேம், கிரேக்கம், உரோம் என எங்கும் கோயில்களில் இப்பிசின் புகைந்தது. பாரசீகப் பேரரசன் தாரியசுக்கு அரபியர் ஆண்டுதோறும் 1000 தாலந்து குந்துருக்கம் செலுத்தினர் என்று ஹெரடோட்டஸ் எழுதுகின்றார். கி. பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை அறிஞர் பிளினி, இந்தியாவும் சீனமும் அரபு நாடும் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்சு பொன்னை உரோமிலிருந்து இழுத்துக் கொள்கின்றன என்று மனம் நொந்து கூறினார். அப்பொன்னின் ஒரு பகுதி மிளகுக்காக நம் கரைக்கு வந்தது. மற்றொரு பகுதி குந்துருக்கத்திற்காகத் தென் அரபுக் கரைக்குச் சென்றது.

பிளினி தரும் மற்றொரு செய்தி நம் நெஞ்சைத் தொடுவது. அலெக்சாந்திரியா நகரத்தில் குந்துருக்கம் பதப்படுத்தும் பணிக்களங்கள் இருந்தன. அங்கே உழைத்த கூலியாட்களின் அரையாடைக்கு முத்திரை இடுவார்களாம். தலையின்மேல் முகமூடியோ வலையோ மாட்டுவார்களாம். வேலை முடிந்து வெளியேறும்போது ஆடையைக் களைந்து சோதித்த பின்னரே விடுவார்களாம். இறைவன் திருமுன் புகையும் பொருளைத் தொட்டுத் தூய்மை செய்தவன் திருடனாகவே கருதப்பட்டான்! பண்டத்தின் பெருமையை எழுதிய வரலாறுகள் பல. அப்பண்டத்திற்காக உழைத்தோர் பட்ட சிறுமையை ஒரு வரியிலேனும் எழுதி வைத்த பிளினிக்கு நாம் நன்றி கூறலாம்.

தமிழகத்துக் கப்பல்கள்

கி. பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிரேக்க மொழி பேசிய வணிகர் ஒருவர் செங்கடல் முதல் இந்தியக் கரை வரையுள்ள துறைமுகங்களை விவரித்து ஒரு கையேடு எழுதினார். ஆசிரியர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. 'பெரிப்ளூஸ்' என வழங்கும் அந்நூலைத் தமிழக வரலாறு கற்போர் யாவரும் அறிவர். முசிறியையும் தொண்டியையும் குமரியையும் அது கூறுவதை நாம் பலகாலும் எடுத்துக் காட்டுவோம். தோபார்க் கரையைப் பற்றி அந்நூல் கூறும் இடத்தை அத்துணை நோக்குவதில்லை.

அக்கரையில் 'மொஸ்கா' என்னும் துறைமுகம் இருந்தது என்றும், லிமிரிகே நாட்டிலிருந்தும் பரூகச்சத்திலிருந்தும் செல்லும் கப்பல்கள் பருவம் பிந்திவிட்டால் குளிர்காலத்தை அங்கேயே கழிக்கும் என்றும், அரசனின் அலுவலரோடு பேசி, பருத்தித் துணியும் தானியமும் எண்ணெயும் கொடுத்து மாற்றாகக் குந்துருக்கம் ஏற்றிக் கொள்ளும் என்றும் அந்நூல் தெரிவிக்கின்றது. அரசன் இசைவின்றி ஒரு மணிப் பிசினும் கப்பலேறாது என்றும் அது எழுதுகின்றது. லிமிரிகே என்று நூலில் காணும் பெயர் தமிழகத்தையே குறிக்கும் என்பது அறிஞர் கொள்கை. மிளகு விற்று உரோமைப் பொன் பெற்ற தமிழகத்தார், துணியும் தானியமும் விற்றுக் குந்துருக்கமும் பெற்றனர் என்பது இதனால் விளங்குகின்றது.

மொஸ்கா என்ற துறை, இன்று கோர் ரோரி எனப்படும் இடத்தில், கடற்கழி ஒன்றின் கரைமேல் இருந்த சும்ஹுரம் நகரமே என்பர் ஆய்வாளர். ஹத்ரமௌத் அரசர் குந்துருக்க வாணிகத்தின் பொருட்டு அமைத்த கோட்டை நகரம் அது. 1950-களில் அமெரிக்க ஆய்வுக்குழுவினர் அங்கே அகழ்ந்தபோது, இந்தியச் சிற்ப மரபில் அமைந்த சிறு வெண்கலப் பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. 1990-களின் பிற்பகுதி முதல் இத்தாலிய ஆய்வாளர் அங்கே அகழ்ந்து வந்தனர். 2000-ஆம் ஆண்டில் கோர் ரோரியும், குந்துருக்க மரங்கள் நிறைந்த வாடி தவ்கா பள்ளத்தாக்கும், வேறு இரண்டு இடங்களும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பெற்றன.

ஓட்டில் எழுதிய பெயர்

இந்த சும்ஹுரத்தில் 2006-ஆம் ஆண்டில் உடைந்த பானையோடு ஒன்று கிடைத்தது. அதில் எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. 2012-இல் கொச்சியில் நடந்த பட்டணம் அகழாய்வு பற்றிய ஆய்வரங்கில் அவ்வோட்டின் படத்தை இத்தாலிய ஆய்வாளர் காட்டியபோது, அங்கிருந்த தமிழறிஞர் அது தமிழ்-பிராமி எழுத்து என்பதை உடனே உணர்ந்தனர். ஐராவதம் மகாதேவன் அவர்கள் அதனை 'ணந்தை கீரன்' என்று படித்தார், காலம் கி. பி. முதல் நூற்றாண்டு என்றார். 'அந்தை' என்பது மதிப்புடையோர் பெயரோடு சேர்ந்து வரும் பழந்தமிழ்ச் சொல். கீரன் என்னும் பெயரை நக்கீரர் வழியே தமிழ்க்குழவியும் அறியும்.

அன்பர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'தமிழகத்துக் கப்பல்கள் அங்கே காத்துக் கிடக்கும்' என்று கிரேக்கன் எழுதிய அதே துறையில், ஏறத்தாழ அதே காலத்தில், தமிழன் ஒருவன் பெயர் தமிழெழுத்தில் கிடைத்திருக்கின்றது. நூற்சான்றும் மண்சான்றும் இங்ஙனம் கைகோத்து நிற்பது வரலாற்றில் அரிதாக நிகழ்வது. செங்கடற்கரையில் எகிப்து நாட்டுக் குசைர் அல்-காதிம் துறையிலும் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் பொறித்த ஓடுகள் முன்னரே கிடைத்துள்ளன. எனினும், குந்துருக்க நிலத்திலே கிடைத்த கீரனின் ஓடு தனிச்சிறப்புடையது.

கீரன் பெருவணிகனோ, கப்பலில் வந்த தொழிலாளியோ, அவ்வோடு கூறவில்லை. எவ்வூரினன் என்பதும் அதில் இல்லை. பெயர் மட்டுமே உண்டு. அயல்நாட்டில், அயல்மொழியினர் நடுவே, பல திங்கள் காற்றுக்குக் காத்திருந்த ஒருவனுக்குத் தன் பானை பிறர் பானையோடு கலந்துவிடலாகாது என்ற கவலை இருந்திருக்கலாம். அதற்காக எழுதிய எழுத்து, அவன் ஏற்றி வந்த துணி மட்கிய பின்னும், அவன் வாங்கிச் சென்ற பிசின் புகைந்து போன பின்னும், அத்துறைமுகமே பாழான பின்னும் நிலைத்து நிற்கின்றது. இன்று மஸ்கட்டிலும் சலாலாவிலும் துபாயிலும், பெட்டியின் மேல் தம் பெயரையும் ஊரையும் மையால் எழுதும் நம்மவர்க்கு அவன் முன்னோன் அல்லனோ?

விழிஞமும் ஆய்நாடும்

இனி, இக்கரைக்கு வருவோம். நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த விழிஞம், மேற்குக் கடற்கரையின் பழைமையான துறைமுகங்களுள் ஒன்று. 'பெரிப்ளூஸ்' நூல் குமரிக்கு வடக்கே 'பலிதா' என்றொரு கடற்கரை ஊரையும் அதன் நல்ல துறைமுகத்தையும் குறிக்கின்றது. அது வர்க்கலை என்பார் சிலர். விழிஞமே என்பார் சிலர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், அண்மைக் காலத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் விழிஞத்தில் அகழ்ந்து கண்ட பானையோடுகள், நடுநிலக்கடல் நாடுகளுடனும் மேற்காசிய நாடுகளுடனும் அவ்வூர் கொண்டிருந்த தொடர்பைக் காட்டிவிட்டன. மது கொணர்ந்த சாடிகளின் துண்டுகளும் அவற்றுள் உள.

இப்பகுதியை ஆண்டவர் ஆய் மரபினர். கிரேக்க நில நூலார் தாலமியும் இவர் நாட்டைக் குறிக்கின்றார். கி. பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முன்சிறை ஊரவையாரிடம் மாற்றுநிலம் கொடுத்து நிலம் பெற்றுப் பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயில் எடுத்து, 95 மாணவர் பயிலும் சாலையும் நிறுவினான் என்பதை அவன் செப்பேடு கூறுகின்றது. இன்று பார்த்திவபுரம் எனப்படும் அவ்வூர் பாறசாலைக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ளது. செப்பேட்டின் மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து. இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், கி. பி. 849-இல், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டில் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சான்றாளர் கையொப்பங்கள் உள. மேலைக்கடல் வணிகர் இக்கரையில் வேற்றாராக அல்லாமல், ஊர்ச் செயல்களுக்குச் சான்று கூறும் நிலையினராய் வாழ்ந்தனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

விழிஞத்தின் வளமே அதற்குப் பகையும் ஆயிற்று. 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் அதனைத் தாக்கினான். பின்னர்ச் சோழர் கொண்டு இராசேந்திர சோழப் பட்டினம் எனப் பெயர் சூட்டினர். மேலைக்கடலில் வந்திறங்கிய பண்டங்கள் சோழர் கையால் கீழைக்கடலுக்கும் சென்றன. கி. பி. 1015-இல் சீனப் பேரரசன் அவையை அடைந்த சோழத் தூதுக்குழு காணிக்கையாக வைத்த பொருள்களுள் முத்தும் யானைக்கொம்பும் மட்டுமன்றிக் குந்துருக்கமும் இருந்தது. சோழ நாட்டில் விளையாத பொருளைச் சோழர் சீனர்க்கு வழங்கினர் எனின், தமிழகம் இவ்வாணிகத்தில் வாங்குவோனாக மட்டுமன்றி இடைநின்று விற்போனாகவும் விளங்கியது தெளிவு.

துணியும் தானியமும்

14-ஆம் நூற்றாண்டில் தோபாருக்குச் சென்ற மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா, அந்நகர மக்கள் இந்தியாவிலிருந்து வரும் அரிசியையே பெரிதும் உண்கின்றனர் என்றும், இந்தியாவிலிருந்து வரும் பருத்தி ஆடையையே உடுக்கின்றனர் என்றும் எழுதினார். நல்ல காற்று அமைந்தமையால் கோழிக்கோட்டிலிருந்து 28 நாளில் தோபாரை அடைந்ததையும் அவர் குறிக்கின்றார். அங்கே தென்னையும் வெற்றிலையும் விளைவது கண்டு வியந்தும் எழுதினார். கிரேக்கன் எழுதிய காலத்திற்கும் இவர் எழுதிய காலத்திற்கும் இடையே 1300 ஆண்டுகள்! அரசுகள் மாறின, சமயங்கள் மாறின, மொழிகள் மாறின. ஏற்றிச் சென்ற சரக்கு மட்டும் மாறவில்லை: துணி, தானியம்.

துணி என்றவுடன் நம் வட்டாரத்தார் நினைவில் எழுவது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மர் காலத்தில், தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டன. தளவாய் உம்மிணித் தம்பி அவ்வூரைக் கைத்தறிக்கும் வாணிகத்திற்கும் உரிய இடமாக வளர்க்க முனைந்தார். விழிஞத் துறையைப் புதுப்பிக்கவும் முயன்றார். தறியையும் துறையையும் ஒருசேர நினைத்த அவர் பழைய கடல்வாணிகத்தின் இயல்பை நன்கு உணர்ந்திருந்தார் எனலாம். பாலராமபுரக் கைத்தறிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்துணியை நெய்து புகழ் சேர்த்தோரும், நம்மைப் போலவே, பிறந்த ஊர் விட்டு வந்து குடியேறிய தமிழரே என்பதை ஈண்டு நினைத்தல் தகும். விழிஞமும் மீண்டும் எழுந்துள்ளது. 2024 ஜூலையில் முதற் பெருங்கப்பல் அங்கே அணைந்தது; 2025 மே 2-ஆம் நாள் துறைமுகம் நாட்டிற்கு அளிக்கப்பெற்றது.

எல்லைக்கோடும் ஒரு சொல்லும்

மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது, திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டும் என்று போராடியது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1955-இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அளித்த அறிக்கையின் வழி, 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. கோரப்பட்டவற்றுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை இப்பால், பாறசாலை அப்பால் என்றாயிற்று. அண்ணன் வீடு ஒரு மாநிலம், தங்கை வீடு மற்றொரு மாநிலம் ஆயிற்று. அந்நாளைய புண்ணைக் கிளறுவது ஈண்டு நோக்கமன்று. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது. நாவைப் பிரித்ததா என்பதே வினா.

இதற்கு விடை தருவது குந்துருக்கம். இயேசு பிறந்தபோது கீழ்த்திசை அறிஞர் மூவகைக் காணிக்கை வைத்த செய்தி யாவரும் அறிந்ததே. அக்காணிக்கைகளுள் ஒன்றைச் சீர்திருத்தச் சபையாரின் தமிழ் விவிலியம் 'தூபவர்க்கம்' என்கின்றது. கத்தோலிக்கர் தமிழில் 'சாம்பிராணி' என்கின்றனர். மலையாள விவிலியமோ 'குந்துருக்கம்' என்றே கூறுகின்றது. தமிழ் அகராதிகளில் உறங்கும் சொல் மலையாள ஆலயத்தில் உயிரோடு ஒலிக்கின்றது! களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும், கோயிலாயினும் மாதாகோயிலாயினும் பள்ளிவாசலாயினும், நம் முதியோர் 'குந்திரிக்கம்' என்றே வழங்குவர். அதனைக் கேட்ட வடபால் தமிழர் சிலர் 'இது மலையாளம்' என்று நகைப்பதும் உண்டு. நகைக்க வேண்டா. தமிழ் மறந்ததை எல்லைத் தமிழன் நாவு காத்து வைத்துள்ளது. எல்லையில் வாழ்வோர் பேச்சு கலப்படமானது என்ற எண்ணத்திற்கு இந்த ஒரு சொல்லே மறுப்பாகும்.

மரத்திற்கு வந்த இடர்

சொல்லின் நிலை இது. மரத்தின் நிலை அதனினும் கவலைக்குரியது. எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் நாடுகளில் வளரும் குந்துருக்க இனம் ஒன்றினை ஆராய்ந்த அறிஞர் 2019-இல் வெளியிட்ட முடிவு அச்சந் தருவது. ஆராய்ந்த மரக்கூட்டங்களுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவற்றில் இளமரங்களே இல்லை. பல பத்தாண்டுகளாகப் புதுக்கன்று தோன்றவில்லை. இந்நிலை நீடித்தால் 20 ஆண்டுகளில் பிசின் விளைவு பாதியாகும் என்று அவர்கள் கணித்தனர். கால்நடை மேய்ச்சல், காட்டுத்தீ, அளவுக்கு மீறிய கீறல் ஆகியவையே காரணங்கள். எரித்திரியாவில் நடந்த முந்திய ஆய்வு ஒன்றில், கீறப்படாத மரத்தின் விதைகள் நூற்றுக்கு 80-க்கு மேல் முளைத்தன. மிகுதியாகக் கீறப்பட்ட மரத்தின் விதைகளோ நூற்றுக்கு 16 அளவிலேயே முளைத்தன. பாலை எல்லாம் நமக்கே கறந்து கொடுத்த தாய், தன் குழந்தைக்கு ஊட்ட வலியின்றி நிற்கின்றாள்.

இது தொலைநாட்டுச் செய்தி என்று இருந்துவிட வேண்டா. நெய்யாறு பிறக்கும் அகத்தியமலைக் காடுகளின் கருங்குங்கில மரம், குந்துருக்கக் குடும்பத்தையே சேர்ந்தது. அதன் பிசின் தூபத்திற்கும் மருந்திற்கும் தோணியின் பொருத்துவாய் அடைப்பதற்கும் பயன்பட்டது. அடிமரத்தை வெட்டி, சுள்ளி அடுக்கித் தீயிட்டுப் பிசின் வடிக்கும் முறையால் மரங்கள் பல பட்டன. மேற்கு மலைத்தொடரில் அன்றி வேறெங்கும் இயல்பாய் வளராத வெள்ளைக் குங்கில மரமும் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகப் பெருமளவில் வெட்டப்பட்டு, அழிவிடர் உற்ற மரங்களின் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. காட்டில் பிறந்து வளர்ந்த காணிக்கார மக்கள் எந்த மரத்தை எப்போது தொடலாம், எப்போது தொடலாகாது என்று அறிவர். அவர்தம் அறிவை மதியாது, எடைக்கு மட்டும் விலை வைக்கும் வாணிகம் நுழைந்த இடமெல்லாம் மரம் மாண்டது. தோபாரிலும் இதுவே நிகழ்கின்றது. நம் மலையிலும் இதுவே நிகழ்ந்தது.

நாம் செய்யத்தக்கன

வரலாற்றைக் கேட்டுக் கைதட்டிப் பிரிவது ஆண்டுவிழாவின் பயனாகாது. நம்மால் இயன்ற சில பணிகள் உள. முதலாவது, ஊரில் இன்னும் வாழும் நம் பாட்டன் பாட்டியர் வாயிலுள்ள மரப்பெயர், மீன்பெயர், தறிச்சொல், உழவுச்சொல் ஆகியவற்றைக் குறித்து வைத்தல். விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் 50 சொல் எழுதி வந்தால், அடுத்த ஆண்டு மலர் ஒரு சிறு சொற்களஞ்சியமாகும். இரண்டாவது, நம் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்தைக் கற்பித்தல். பேச்சுத் தமிழ் மட்டும் போதும் என்பாரிடம் கீரனின் ஓட்டைக் காட்டுங்கள். அவன் பேசிய பேச்சு காற்றோடு போயிற்று. எழுதிய எழுத்தே அவனைத் தமிழன் என்று 2000 ஆண்டு கழித்துச் சொல்லிற்று.

மூன்றாவது, மரம் பற்றியது. ஊரில் புரையிடம் உடையோர் ஒரு கருங்குங்கிலியமோ வெள்ளைக் குங்கிலியமோ நட்டு வளர்க்கலாம். அதன் பிசினை நாம் காணாமற் போகலாம், பேரப்பிள்ளைகள் காண்பர். ஓமான் நாட்டில் பணியாற்றும் நம் உறவினர், விடுமுறை நாளொன்றில் கோர் ரோரிக்கும் வாடி தவ்காவுக்கும் சென்று வருவாராக. பாழடைந்த மதிலருகே நின்று கடலை நோக்கினால், காற்றுக்குக் காத்திருந்த நம் முன்னோர் நினைவு வரும். அங்குள்ள மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம். கீறிப் பார்க்க வேண்டா.

பிசின் எரிந்து தீரும் பொருள். அதனைத் தரும் மரத்தையும், அதற்கு நம் முன்னோர் இட்ட பெயரையும், அவர் கற்பித்த எழுத்தையும் காப்பது நம் கையில் உள்ளது. அக்கடமையை இவ்வாண்டு முதலே தொடங்குவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!